புரோம்டன் பேசிய முதல் வார்த்தை

கேள்வி: எதிர்க்கலாச்சார நாவல்களில் குறியீடுகள் சமூகக் கலகத்தை எப்படிச் சொல்கின்றன? ஒரு நாவலை வைத்து விளக்க முடியுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது கென் கீசியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’. 1962-இல் வந்த நாவல். நான் முதலில் பார்த்தது 1975-இல் வந்த படத்தைத்தான். அதனால் இது ஜாக் நிக்கல்சன் நடித்த மெக்மர்ஃபி என்ற கலகக்கார நோயாளியின் கதை என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் திறந்த பிறகுதான் கதை சொல்கிறவர் வேறொருவர் என்று தெரிந்தது.

அவர் புரோம்டன். ஒரெகன் மாநிலத்து மனநல மருத்துவமனையில் நாள் முழுக்க வார்டைப் பெருக்கிக்கொண்டிருப்பவர். கொலம்பியா ஆற்றங்கரைப் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகன். அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அதனால் அவர் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே ரகசியமெல்லாம் பேசுகிறார்கள்.

அவர் கண்ணுக்கு வார்டின் சுவருக்குள் எந்திரங்கள் ஓடுவது தெரிகிறது. மனிதர்களை ஒரே அளவாகச் செதுக்கி வெளியே தள்ளும் அந்தப் பெரிய அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘கம்பைன்’. கதிர் அறுக்கும் எந்திரத்தின் பெயர் அது. மனநோயாளியின் பிரமை என்று இதைத் தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் அவர் ஊருக்கு நடந்ததைப் படித்தபின் என்னால் அப்படிப் போக முடியவில்லை. சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த அந்த ஊரை அணை கட்டுவதற்காக அரசாங்கம் விலை பேசி வாங்கிவிடுகிறது. நிஜத்திலும் நடந்ததுதான் இது. 1957 மார்ச் 10 அன்று தி டாலஸ் அணையில் தண்ணீரைத் தேக்கியபோது, பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன் பிடித்துவந்த செலிலோ அருவி சில மணி நேரத்தில் மூழ்கிப்போனது. அருவியையே விழுங்கிய எந்திரத்தைப் பார்த்தவருக்குச் சுவருக்குள் எந்திரச் சத்தம் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

அவர் செவிடான கதையும் அங்கேதான் தொடங்குகிறது. ஊரை விலை பேச வந்த அதிகாரிகள், சிறுவனான அவர் எதிரே நின்று பேசியும் அங்கே ஆளே இல்லாததுபோல் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவர் செவிடாக நடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, அவர் சொல்வது காதில் விழாததுபோல் மற்றவர்கள் நடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாவலின் கலகத்துக்கு வேர் இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

வார்டுக்குள் அடிக்கடி சூழும் மூடுபனியும் அப்படித்தான். போரில் விமானத் தளத்தை மறைக்கப் பனிமூட்டும் எந்திரத்தை அவர் பார்த்திருக்கிறார். வார்டைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் தலைமை நர்ஸ் ராச்செட் அதையே வார்டுக்குள் ஓட்டுவதாக நினைக்கிறார். ஆனால் அந்தப் பனிக்குள் ஒளிந்துகொள்வது அவருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. அடக்குமுறை சுகமாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு குறியீட்டை நான் படித்ததில்லை. கீசி இப்படிப்பட்ட மருத்துவமனை ஒன்றில் இரவு உதவியாளராக வேலை பார்த்தவர், அங்கே எல்.எஸ்.டி. என்ற பிரமையூட்டும் போதைமருந்தின் சோதனைக்குத் தன்னையே கொடுத்தவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

என்னை அழவைத்தது மிகச் சிறிய ஒரு காட்சி. கையில் காசில்லாத புரோம்டன், மென்ற சூயிங்கத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டிவைத்து மறுபடி மறுபடி மெல்லுகிறார். ஒரு ராத்திரி வார்டு உதவியாளர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பக்கத்துக் கட்டிலில் விழித்திருந்த மெக்மர்ஃபி, ஒரு ஜூஸி ஃப்ரூட் சூயிங்கப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் போடுகிறார். தன்னையறியாமல் புரோம்டன் ‘நன்றி’ என்று சொல்லிவிடுகிறார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. பிற்பாடு யாராலும் அசைக்க முடியாத கன்ட்ரோல் பேனலைத் தூக்கி ஜன்னலை உடைத்துத் தப்பிப்பவரும் அவர்தான். எனக்கு என்னவோ ஜன்னல் உடைந்தது அந்த ராத்திரியிலேயே என்று தோன்றும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அடக்குமுறைக்கு முகம் கொடுக்கக் கீசி தேர்ந்தெடுத்தது ஒரு பெண்ணையும் மூன்று கறுப்பின உதவியாளர்களையும். அன்றைய அமெரிக்காவில் உண்மையான அதிகாரம் அவர்கள் கையிலா இருந்தது? நான் இத்தனை நேசிக்கும் நாவலில் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தப்பித்தபின் கனடா வரை போகலாம் என்று நினைக்கும் புரோம்டன், வழியில் கொலம்பியா ஆற்றுப் பக்கம் போய்வர ஆசைப்படுகிறார். பழங்குடிகள் சிலர் அந்தக் கோடி டாலர் அணையின் மேலேயே பழைய மரச் சாரங்களைக் கட்டி, உபரி நீர் வழியும் இடத்தில் சால்மன் பிடிக்கிறார்களாம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு.