மகள் மணி கோக்கிறாள், நான் என்ன செய்ய?

அம்மா, மகள் பள்ளி ஓவிய ஆசிரியையைப் பார்த்து மணி கோப்பதில் இறங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் முழுக்க அந்த ஆசிரியை மேல்தான் என்று தெரிகிறது. காலமெல்லாம் பாசிமணி கோத்துக்கொண்டிருப்பவர், கணக்கும் அறிவியலும் எடுத்துப் படிக்கிற பெண்ணையும் அதில் இழுத்துவிட்டார் என்கிறீர்கள். எனக்கென்னவோ இந்த விஷயத்தில் உங்களுக்கு உதவப்போவதே அவர்தான் என்று தோன்றுகிறது.

அவரால் இத்தனை வருடம் ஆசை குறையாமல் மணி கோக்க முடிகிறதென்றால், மாதம் பிறந்தால் சம்பளம் வருவது அதற்கு ஒரு பெரிய காரணம். விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் பிடித்த நிறத்தில், பிடித்த வேகத்தில் செய்கிறார். உங்கள் மகளுக்கு டீச்சர் கழுத்தில் இருக்கும் மாலை தெரிகிறது. அதற்குப் பின்னால் உள்ள வருகைப் பதிவேடு, பரீட்சைப் பேப்பர், ஆண்டுவிழா மேடை அலங்காரம் எல்லாம் தெரிவதில்லை.

'நகை செய்தே பிழைத்துக்கொள்வேன்' என்று அவள் சொன்னால் தடுக்க வேண்டாம், கணக்குப் போடச் சொல்லுங்கள். பொடி மணியில் பதினொன்றாம் நம்பர் அளவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு விரல் அகலத்தில் ஒரு கைப்பட்டை பின்ன ஆயிரத்துக்கும் மேல் மணி வேண்டும், ஒவ்வொன்றையும் ஊசி முனையில் எடுத்தாக வேண்டும். நடுவில் ஒரு தடித்த மணி புகுந்தால் வரிசை கோணிவிடும். அதுவரை பிரித்து மறுபடி பின்ன வேண்டியதுதான். ஒரு பட்டை முடிய ஆகும் நேரத்தை அவளையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிய விலையில் மணி, நூல், கொக்கிச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அந்த நேரத்தால் வகுக்கட்டும். வரும் தொகையைப் பற்றி நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

கைவினையால் யாரும் பிழைத்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பாட்டிக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் சமாளித்தார்கள். ஓவியம் விற்காத நாளிலும் அடுப்பு எரிந்தது. உங்கள் மகளின் ஆசிரியை இதையே திருப்பிப் போட்டிருக்கிறார்: ஓவியம் சொல்லிக்கொடுக்கிற சம்பளத்தில் கைவினையைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான்.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டப் படிப்புக்கு எந்த குரூப் என்பது தடையில்லை, ஆனால் வரைதிறன் தேர்வு உண்டு. மணி கோக்கும் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: நிறம் சேர்க்கும் கண் இருக்கும், ஒரு சொம்பையும் துணி மடிப்பையும் பார்த்து வரையச் சொன்னால் கை நடுங்கும். தினம் ஒரு மணி நேரம் பென்சில் பிடிக்கட்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தேர்வுகளில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் எழுதி வைப்பதும் நல்லது. கல்லூரியில் டெக்ஸ்டைல் டிசைன் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்தால், ஓவிய ஆசிரியர் வேலை கிடைப்பது தள்ளிப்போனாலும் கம்பெனி வேலைக்கு வழி இருக்கும்.

தள்ளிப்போகத்தான் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் நிரந்தர ஓவிய ஆசிரியர் பணியிடம் அரிது. பகுதிநேர ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், ஆனால் போட்டி கடுமை. தகுதி விதிகளும் மாறக்கூடியவை, அந்தந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நகை வடிவமைப்புதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றால், மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்டில் அக்சஸரி டிசைன் (நகை, பை போன்றவற்றின் வடிவமைப்பு) படிப்பு இருக்கிறது. நுழைவுத்தேர்வு ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்பே வந்துவிடும், கட்டணமும் லட்சக்கணக்கில். கல்விக் கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்றால் நான் முதலில் அரசுக் கல்லூரியைத்தான் சொல்வேன்.

அப்புறம், அந்த ஆசிரியையை ஒருமுறை நேரில் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. என்ன படித்தார், நிரந்தர வேலை கிடைக்க எத்தனை வருடம் ஆனது, அதுவரை வீட்டை எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள்.