வால்டாக்ஸ் சாலையில் இரவு பத்து மணி – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு யானைகவுனிப் பக்கம். வேலை முடிந்து சென்ட்ரலில் வந்து இறங்க இரவு பத்து மணி ஆகிவிடும். அங்கிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். நடைபாதையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறேன். சென்ற மாதம் ஒருவன் காசு கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். இல்லை என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கத்தினேன், விட்டுவிட்டு ஓடினான். வீட்டில் சொன்னேன். "பிச்சைக்காரன் மேல் என்னவென்று புகார் கொடுப்பாய்?" என்று அண்ணன் கேட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இந்தூரில் பிச்சை எடுப்பதையும் போடுவதையும் தடைசெய்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் 1945 முதலே பிச்சைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதாம். அதைப் பயன்படுத்தி இவர்களை அப்புறப்படுத்தினால் என்ன? குழந்தையை வாடகைக்கு எடுத்துப் பிச்சை எடுக்கும் கும்பல்கள் வேறு இருக்கின்றன. வீடற்றவர்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அவர்களைக் கடந்து தனியாக நடந்து போகிற பெண்ணைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாக உங்களைத் தடுத்து வைத்திருப்பது அந்தக் கேள்விதான். உங்கள் கையைப் பிடித்து இழுத்தது குற்றம். செய்தவனுக்கு வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம். மானபங்க நோக்கத்தோடு ஒரு பெண்ணின் மேல் கைவைப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அவனுடைய நோக்கம் அதுவா, பணத்தைப் பிடுங்குவதா என்பதைப் போலீசார் விசாரித்து உரிய பிரிவைப் போடட்டும். அதை முடிவு செய்துவிட்டுத்தான் நீங்கள் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுக்கென்றே பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, இளைஞர்கள் தெருவில் செய்த அட்டூழியத்தில் விழுந்து அடிபட்டு இறந்துபோனதை அடுத்து வந்த சட்டம் அது. அந்த இளைஞர்கள் ஆட்டோவில் வந்தவர்கள், நடைபாதையில் படுத்திருந்தவர்கள் இல்லை.

இப்போது நீங்கள் கேட்கும் சட்டத்துக்கு வருகிறேன்.

பிச்சைத் தடுப்புச் சட்டங்களில் மிகுதியாகப் பேசப்பட்டது பம்பாயின் 1959ஆம் ஆண்டுச் சட்டம். டெல்லி உள்ளிட்ட பல இடங்களுக்கு அதுவே போனது. அது யாரைப் பிச்சைக்காரர் என்கிறது என்று பாருங்கள். கையேந்துபவர் மட்டுமில்லை. பொது இடத்தில் பாட்டுப் பாடி, ஆடி, ஜோசியம் சொல்லி, ஏதோ ஒரு பொருளை நீட்டிக் காசு கேட்பவரும் அதில் அடக்கம். பிழைப்புக்குக் கண்ணுக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லாமல் பொது இடத்தில் திரிபவரோ தங்கியிருப்பவரோ, பிச்சை எடுத்துத்தான் வாழ்வார் என்று தோன்றும் நிலையில் இருந்தால், அவரும் அடக்கம். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை இல்லத்தில் அடைக்கலாம், மறுபடி மறுபடி பிடிபட்டால் பத்தாண்டு வரை. அவரை முழுவதும் சார்ந்து வாழ்பவர்களையும் சேர்த்து அடைக்கலாம். மனைவி, மக்கள் என்று பொருள்.

இந்த வரையறைக்குள் உங்கள் கையைப் பிடித்தவன் எங்கே வருகிறான்? அவன் செய்த செயலைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. ஓடத் தெரிந்தவன் ஓடிவிடுவான். வேனில் ஏற்றப்படுபவர்கள் ஓட முடியாதவர்கள்: கிழவிகள், கால் இழந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், மனநலம் குன்றியவர்கள். 2018 ஆகஸ்ட் 8 அன்று டெல்லி உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் கீதா மிட்டல், ஹரிசங்கர் அமர்வு டெல்லியைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. உணவும் உறைவிடமும் தர வேண்டிய அரசு அதைத் தராமல், இல்லாதவரைக் குற்றவாளியாக்குவது வாழ்வுரிமைக்கு எதிரானது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2019-இல் ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தை நீக்கியது. கொரோனா காலத்தில், 2021-இல், சாலைச் சந்திப்புகளிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்ற உத்தரவிடக் கேட்டு ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மேட்டுக்குடிப் பார்வையில் இதைப் பார்க்க முடியாது என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் இந்தூர் மாவட்ட நிர்வாகம், 2025 தொடக்கத்திலிருந்து பிச்சை போடுபவர் மீதே வழக்கு என்று அறிவித்தது. கோயில் வாசலில் ஒரு மூதாட்டிக்குப் பத்து ரூபாய் கொடுப்பவரைக் குற்றவாளியாக்கினால் உங்கள் இரவு நடை எப்படிப் பத்திரமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. 2017-இல் ஐதராபாத்தில் சர்வதேசத் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு முன்னால் பிச்சை எடுக்கத் தடை விதித்து, பிடிபட்டவர்களைச் சிறை வளாகத்தில் இருந்த இல்லங்களுக்குக் கொண்டுபோனார்கள். விருந்தாளிகள் வரும் வழியைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்பதுதான் அங்கே அவசரம். அந்த ஊர்ப் பெண்களின் பயம் அந்த முடிவில் ஒரு காரணமாகவே இல்லை.

கும்பல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தையைக் கடத்தியோ உறுப்பைச் சிதைத்தோ பிச்சை எடுக்க வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 139ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். குழந்தையைப் பிச்சைக்கு ஈடுபடுத்துபவரைச் சிறார் நீதிச் சட்டம் தனியாகத் தண்டிக்கிறது. டெல்லி உயர்நீதிமன்றமும் பிறரைப் பிச்சை எடுக்க வைப்பவர் மீதான பிரிவைத் தொடவில்லை. கும்பலைப் பிடிக்கச் சட்டம் போதும். ஆனால் அதற்குப் புலனாய்வு வேண்டும், தெருவில் இருப்பவர்களை அள்ளிக்கொண்டு போனால் ஆகாது.

இனி, நீங்கள் தாண்டிப் போகிற அந்தக் குடும்பங்களைப் பற்றி. இதில்தான் நான் உங்களிடம் கொஞ்சம் நீளமாகப் பேச விரும்புகிறேன்.

வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் வாழ்பவர்களில் பலர் பிச்சை எடுப்பவர்களே இல்லை. மூட்டை தூக்குகிறார்கள், பூக் கட்டுகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், உங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறையாக அதே இடத்தில் இருப்பவர்களும் உண்டு. வேலை அங்கே இருப்பதால் அங்கே இருக்கிறார்கள். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தையில் மூட்டை இறக்க எப்படி வருவார்கள்?

அங்குள்ள பெண்களிடம் பேசியிருக்கிறேன். எந்தப் பேச்சும் கடைசியில் இரவில்தான் வந்து நிற்கும். வயதுக்கு வந்த மகளைச் சுவரோரமாகப் படுக்கவைத்து, அடுத்துத் தாய், வெளிப்பக்கம் பாட்டி என்று வரிசை போட்டுப் படுக்கிறார்கள். மகளின் தாவணியைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்குகிற தாயைத் தெரியும். யாராவது இழுத்தால் தானும் விழித்துக்கொள்ளலாம் என்பதற்காக. கட்டணக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுவதால் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே இருட்டில் எழுந்து, புடவையை மறைப்பாகக் கட்டிக் குளித்து முடிக்க வேண்டும். பைக்கில் வந்து நிறுத்தி, "வருகிறாயா" என்று கேட்பவனுக்கு வீடு உண்டு, வேலை உண்டு. புகார் கொடுக்கப் போனால் முகவரியில்தான் பேச்சு தொடங்குகிறது. நீங்கள் பத்து நிமிடத்தில் கடக்கிற இருட்டில் அவர்கள் விடிய விடிய இருக்கிறார்கள். சட்டம் அவர்களை நோக்கித் திரும்பினால், தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல அவர்கள் போலீஸ் நிலையத்தின் பக்கம் போகவே மாட்டார்கள். போனால் தாங்களே உள்ளே போக நேரும் என்று பயப்படுவார்கள். உங்களை இழுத்தவனை நேரில் பார்த்த சாட்சிகள் இருந்திருந்தால், அவர்களும் இந்தப் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதற்காக நடைபாதையை உங்களிடமிருந்து பறித்தது சரி என்று சொல்லமாட்டேன். வண்டிகளுக்கு நடுவே நீங்கள் நடக்க வேண்டியிருப்பது ஒரு கொடுமை. காசு கேட்டுத் தொடர்பவர்களில் போதையில் வம்பு செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. நீங்கள் சென்ட்ரலில் இறங்கும் பத்து மணிதான் டாஸ்மாக் கடைகள் மூடும் நேரமும். குடித்துவிட்டு வெளியே வருகிற கூட்டம் தெருவில் கலைகிற வேளையில் நீங்கள் தனியாக நடக்கிறீர்கள். அந்த வேளைக்கு ரோந்து எங்கே என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெண்களின் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியிலிருந்து பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. கேமராக்கள் வந்தன. நடக்கிற பெண்ணுக்குக் கேமராவைவிட உடனடியாக உதவுவது எரிகிற விளக்கு, திறந்திருக்கிற கடை, வேலை முடியும் நேரத்தில் கிடைக்கிற பஸ். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிக நல்ல திட்டம், ஆனால் பஸ்ஸிலிருந்து வீடு வரைக்குமான அந்தக் கடைசித் தொலைவைப் பற்றி யாரும் திட்டம் போடவில்லை.

தங்க இடம் தருவதற்கு வழி இல்லாமல் இல்லை. 2010-இல், டெல்லியில் கடுங்குளிரில் ஓர் இரவுக் காப்பகத்தை இடித்த பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தபடி இருக்க வேண்டும் என்ற விதி அப்போதுதான் உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். சென்னையில் மாநகராட்சி காப்பகங்கள் இருக்கின்றன, தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன, பெண்களுக்குத் தனியாகவும் உண்டு. சிக்கல் என்னவென்றால், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் குடும்பமாக இருப்பவர்கள் போகமாட்டார்கள். கணவனையும் பன்னிரண்டு வயது மகனையும் விட்டுவிட்டு நீங்கள் போவீர்களா? யானைகவுனிக்குப் பக்கத்திலேயே, குடும்பமாகத் தங்கக்கூடிய, வாடகை தர முடிந்தவர் சிறிய வாடகை தரக்கூடிய இடங்கள் வேண்டும். அரசுக்கு இது கைக்கெட்டாத காரியம் இல்லை.

மனநலம் குன்றித் திரிபவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தி பேன்யன் அமைப்பைத் தொடங்கியதே தெருவில் நிலைகுலைந்து திரிந்த பெண்களுக்காகத்தான். அங்கே குணமடைந்து ஊர் திரும்பிய பெண்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு போலீசாருக்கு விதித்திருக்கிறது. பிச்சைத் தடுப்புச் சட்டம் அதே பெண்ணைக் கைதியாக்கும்.

நீங்கள் கேட்ட சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுக்க வேண்டும் என்று நீங்கள் கோருகிறீர்கள். நீக்க வேண்டும் என்று நான் கோருகிறேன். வீடற்ற பெண்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் எழுதுவது இந்த இரவைப் பற்றித்தான், அதில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்களைப் போல நடந்து போகிற பெண்ணைப் பற்றித் தனியாக எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், புகாரைக் கொடுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், தாமதத்துக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். எந்தக் காவல் நிலையமாக இருந்தாலும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். தேதி, நேரம், எந்தக் கடை வாசல், விளக்கு எரிந்ததா, எந்தக் கையைப் பிடித்தான், என்ன சொன்னான், எந்தப் பக்கம் ஓடினான் என்று எழுதுங்கள். பிச்சைக்காரன் என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்த உடனே விசாரணை அவனை விட்டுவிட்டு, படுத்திருப்பவர்களிடம் போய்விடும். அடுத்த முறை யாராவது பின்தொடர்ந்தால் 112-ஐ அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண் 181. கூடவே உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு: வால்டாக்ஸ் சாலையில் எந்தெந்த விளக்குகள் எரியவில்லை என்று கம்ப எண்ணோடு, கழிப்பறையை இரவிலும் திறந்து வைக்கச் சொல்லி, பத்து மணிக்கு ரோந்து கேட்டு. அங்கே வசிக்கும் பெண்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். மனுவை எழுதுவதில் உதவி வேண்டுமானால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.