வெண்பட்டை அந்துப்பூச்சிக்கு எத்தனை பெயர்கள்?

கேள்வி: விளக்கொளியைத் தேடி வரும் சிறிய பழுப்பு நிற அந்துப்பூச்சி ஒன்றின் சிறகுகளில் வெண்பட்டை பளிச்சென்று தெரிகிறது. அதன் பெயர் ஒரு நூலில் ஹைமீனியா ரெகர்வாலிஸ் என்றும் இன்னொன்றில் ஸ்போலாடியா ரெகர்வாலிஸ் என்றும் காணப்படுகிறது. குடும்பப் பெயரும் ஒத்துப்போகவில்லை. இவை இரு வேறு இனங்களா?

பதில்: இரண்டும் ஒரே இனத்தின் பெயர்களே. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1775இல் இதை விவரித்தபோது, அக்கால வழக்கப்படி அந்துப்பூச்சிகள் பலவற்றையும் உள்ளடக்கியிருந்த ஃபலீனா என்னும் பேரினத்தில் (இனங்களின் தொகுதி; பெயரின் முதற்சொல் அதையே குறிக்கும்) வைத்தார். பின்னர் இது ஹைமீனியாவுக்கும், இறுதியாக ஸ்போலாடியாவுக்கும் மாற்றப்பட்டது. இன்றைய பட்டியல்களில் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இடம்பெறுவதற்கு இந்தப் பேரின மாற்றமே காரணம்.

குடும்பப் பெயர் மாறியதற்குக் காரணம் பூச்சியின் செவி. பைராலிடே, கிராம்பிடே ஆகிய இரு குடும்பங்களிலும் செவிப்பறை வயிற்றின் அடிப்பகுதியில் அமைந்திருந்தாலும், பைராலிடேயில் அதன் அறை ஏறத்தாழ மூடியும், கிராம்பிடேயில் முன்புறம் அகலத் திறந்தும் இருக்கிறது. முன்பு ஒரே குடும்பமாகக் கருதப்பட்டவை இதன் அடிப்படையில் பிரிக்கப்பட்டதால், நம் பூச்சி இப்போது கிராம்பிடேயில், ஸ்பைலோமெலினே துணைக்குடும்பத்தில் உள்ளது. பழைய நூல்களைப் பிழையென ஒதுக்க வேண்டியதில்லை. அவை தம் காலத்து வகைப்பாட்டையே தருகின்றன.

தோற்றத்தில்தான் உண்மையான குழப்பம் நேரும். சிறகு விரிப்பில் ஏறத்தாழ 2 செ.மீ. அளவுள்ள இதன் முன்சிறகில் அகன்ற வெண்பட்டை ஒன்றும், நுனிக்கு அருகே முன்விளிம்பிலிருந்து இறங்கும் குறுகிய வெண்கீற்றும் உண்டு. பின்சிறகின் பட்டை ஏறக்குறைய நேராகக் குறுக்கே ஓடுகிறது. ஹைமீனியா பேரினத்திலேயே நீடிக்கும் பெர்ஸ்பெக்டாலிஸ் என்னும் இனமும் இதைப்போலவே இருப்பினும், அதன் பட்டைகள் மெலிந்து, ஓரம் சீரற்றுக் காணப்படும். செதில்கள் உதிர்ந்த பழைய மாதிரிகளில் இவ்வேறுபாட்டை மட்டும் நம்பி முடிவு செய்வது சரியன்று.

கேள்வி: இது பகலிலும் செடிகளிடையே பறக்கிறதே, வண்ணத்துப்பூச்சியாக இருக்கலாமா?

பதில்: இல்லை. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். இதற்கோ நூல்போல மெலிந்திருக்கும். பகலில் செடிகளை அசைத்தால் எழுந்து, சற்றுத் தொலைவிலேயே அமர்ந்துவிடும். தண்டுக்கீரை, பீட்ரூட் போன்றவற்றின் இலைகளை நூலால் பிணைத்துத் தின்னும் பசும்புழுக்கள் இதன் இளம்பருவம் என்பதால், அத்தகைய செடிகள் உள்ள இடங்களில் இதைப் பகலிலும் எளிதில் காணலாம்.