அம்மாவின் பெட்டியைப் பிரித்து வையுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 89. மறதி கூடிவிட்டது. இரவில் எழுந்து, ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘வயது சார்ந்த மூளைச் சுருக்கம், நுண் ரத்தக்குழாய் மாற்றங்கள்’ என்று வந்திருக்கிறது. இது அல்சைமரா? வேறு ஸ்கேன் எடுக்கலாமா? நாங்கள் மூன்று மகன்கள். நங்கநல்லூர், தாம்பரம், செங்கல்பட்டு என்று மாதம் ஒரு வீடாக முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மாதக் கடைசியில் கொஞ்சம் தெளிகிறார். அதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்துவிடுகிறது. தம்பி வீட்டில் தூக்க மாத்திரை தருகிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு

பதில்: 89 வயதில் மூளை சுருங்காமல் இருந்தால்தான் வியப்பு. நுண் ரத்தக்குழாய் மாற்றம் என்பதும் முதுமையும், பல வருட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விட்ட தடம்தான். படத்தை வைத்து மட்டும் ஒருவரின் நினைவை எடைபோட முடியாது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986-ல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் சேர்ந்தார்கள். அவர்களில் 101 வயதில் இறந்த சகோதரி மேரி, கடைசிவரை நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தவர். இறந்தபின் ஆராய்ந்தால், மூளை நிறைய அல்சைமர் நோயில் காணும் புரதப் படிவுகளும் முடிச்சுகளும்!

விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் தேங்கும் ரத்தம், மூளையில் நீர் கோத்தல், பக்கவாதம், கட்டி ஆகியவற்றைப் பிடிக்கத்தான் ஸ்கேன். நீங்கள் எழுதியதில் அவை எதுவும் இல்லை. இன்னொன்று எடுக்காதீர்கள்.

‘மாதக் கடைசியில் தெளிகிறார்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. புதிதாக ஒன்றை மனதில் பதிப்பது முதுமையில் கடினம். கட்டிலை விட்டு இறங்கினால் கழிவறை எந்தப் பக்கம் என்று கால் பழகவே அவருக்கு மூன்று வாரம் ஆகிறது. பழகியதும் பெட்டி கட்டுகிறீர்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கேட்காமல் என்ன செய்வார்? பெற்றவளை மூன்றாகப் பங்கு போட அவர் என்ன குத்தகை நிலமா? மகன்களுக்குச் சுமை சமமாக வேண்டும் என்று போட்ட கணக்கு இது. இதில் அம்மாவின் வசதி எங்கே?

மறதி நோய் தொடங்கியிருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடும் மாத்திரையும் மாதாமாதம் மாறினால் எந்த மருத்துவராலும் அதைச் சரியாகக் கணிக்க முடியாது.

மூன்று வீட்டிலும் உள்ள மாத்திரை அட்டைகளை, கடையில் கேட்டு வாங்கிய சளி, அரிப்பு மாத்திரைகள் உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். கிண்டி தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்கள் மூவருக்குமே எட்டும் தூரம்தான். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டும், கீழே தள்ளும். தினமும் கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். சோடியம், பி12, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு), சர்க்கரை, சிறுநீர் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் பி.பி. மாத்திரை சாப்பிட்டால் சோடியம் இறங்கலாம். இயல்பு அளவு 135 முதல் 145. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம். காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்த குழப்பமா, வருடக்கணக்காகக் கூடிய மறதியா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முன்னது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த ஒன்றாம் தேதி அம்மா எங்கும் போகக் கூடாது. ஒரு வீட்டை முடிவுசெய்யுங்கள். அவர் கட்டில், அவர் தலையணை, இரவெல்லாம் கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு. மற்ற இரண்டு மகன்களும் செலவில் ஆளுக்கொரு பங்கு தந்துவிட்டு, வாரம் இரண்டு இரவு அங்கே வந்து தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியை அனுப்பிக் கணக்கைத் தீர்க்காதீர்கள். கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது மகன் வேலை. முறை வைப்பதென்றால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இப்படி இருந்தபின் நினைவுப் பரிசோதனை செய்து, அதன் முடிவை எனக்கு எழுதுங்கள்.