கென்யாவில் பள்ளிக் கல்வி இலவசம்தானே, அப்புறம் ஏன் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்?

நைரோபியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இலவசம் என்பது உண்மைதான். 2003 ஜனவரியில் அதிபர் கிபாகியின் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மருகே என்ற 84 வயதுப் பெரியவர் சீருடை மாட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஆனால் சீருடைச் செலவும் மதியச் சாப்பாட்டுச் செலவும் பெற்றோர் தலையில்தான். நைரோபியின் கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளில் அரசுப் பள்ளிகளும் போதாது. அதனால் பலர் கட்டணம் கட்டித் தகரக் கொட்டகைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள்.

சரி, பணம் ஒரு காரணம். என்னைக் கேட்டால் கழிப்பறை அதைவிடப் பெரிய காரணம்.

கிபேராவில் பெரும்பகுதி நிலம் அரசுடையது. வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்துக்குப் பாதாளச் சாக்கடை எளிதில் வருமா? தண்ணீர் 20 லிட்டர் கேனில் விலைக்கு வருகிறது. குழாய் இணைப்புள்ள வசதியான வீட்டைவிட இவர்கள் லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறார்கள். ஒரே குழிக் கழிப்பறையைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கட்டணக் கழிப்பறையில் ஒவ்வொரு முறையும் காசு. இரவில் வெளியே போகப் பயந்து, பாலிதீன் பையில் முடித்துக் கட்டி வீசிவிடுவதும் உண்டு. மழை பெய்தால் அத்தனையும் பிள்ளைகள் நடந்து போகும் சந்தில்தான் ஓடும். அப்புறம் வயிற்றுப்போக்கு, குடற்புழு, பள்ளிக்கு மட்டம்.

குடற்புழு சின்ன விஷயம் இல்லை. மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் மிகேல், கிரேமர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவது கால்வாசி குறைந்தது என்று 2004-இல் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பின்னாளில் பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனாலும் மாத்திரை இவ்வளவு மலிவாக இருக்கும்போது கொடுக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். நாப்கினுக்கான வரியைக் கென்யா 2004-லேயே நீக்கியது. மாணவிகளுக்கு இலவசமாகத் தர 2017-இல் சட்டமும் போட்டது. நல்ல விஷயம். ஆனால் நாப்கினை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள கதவும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டுமே! நான் பார்த்த ஒரு பள்ளியில் கழிப்பறைக் கதவு என்பது தொங்கவிட்ட சாக்குதான். பெரிய பெண்கள் இருவராகப் போவார்கள், ஒருத்தி வெளியே நின்று சாக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

நைரோபியின் இன்னொரு குடிசைப் பகுதியான முகுருவில் சானர்ஜி என்ற நிறுவனம் பெட்டி வைத்த கழிப்பறைகளை அமைத்திருக்கிறது. நிரம்பிய பெட்டியை ஆள் வந்து எடுத்துப்போவார். அதிலிருந்து உரமும், ஈப்புழு வளர்த்துக் கால்நடைத் தீவனமும் தயாராகின்றன. பள்ளிகளிலும் வைக்கிறார்கள். சாக்கடைக் குழாய் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஆனால் பெட்டியை எடுத்துப்போக யாராவது தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கே திணறும் தகரக் கொட்டகைப் பள்ளிக்கு அதுவே பெரிய தொகை.