பண்ணை மீன் என்ன தின்கிறது? உலக மீன் வளர்ப்பு பற்றிய கேள்வி பதில்

மீன்வளம் படித்துவிட்டுக் குஞ்சு பொரிப்பகத்திலும் பிறகு தீவன ஆலையிலும் வேலை பார்த்திருக்கிறேன். உலகத்தில் மீன் வளர்ப்பு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உற்பத்திக் கணக்குகள் பெரும்பாலும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்டவை. அதில் 2022 வரைக்குமான கணக்கு இருக்கிறது.

செல்வம், கடலூர்: வணக்கம் மேடம். பிடிக்கிற மீனைவிட வளர்க்கிற மீன் அதிகமாகிவிட்டது என்கிறார்களே, கடலில் மீன் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை, ஆனால் கூடவும் இல்லை. உலகம் முழுக்கப் பிடிபடும் மீன் 1980களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 9 கோடி டன்னிலேயே நிற்கிறது. படகுகள் பெரிதாயின, எஞ்சின் சக்தி ஏறியது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவிகள் வந்தன. அப்படியும் அளவு ஏறவில்லை. கணக்கெடுக்கப்படும் கடல் மீன் வளங்களில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை 1974இல் 10 சதவீதம். 2021இல் சுமார் 38 சதவீதம்.

2022இல் பிடித்தது 9.1 கோடி டன், வளர்த்தது 9.44 கோடி டன். மீன், இறால், சிப்பி, நண்டு எல்லாம் இதில் சேரும்; கடல்பாசி சேராது. நம் தட்டுக்கு வரும் மீனை மட்டும் எடுத்துக்கொண்டால் வளர்ப்பு மீன் 2014லேயே முந்திவிட்டது. பிடிக்கும் மீனில் ஒரு பகுதி தீவனத்துக்கான மீன் மாவுக்கும் மீன் எண்ணெய்க்கும் போய்விடுவதுதான் காரணம். 1974இல் மனிதர்கள் தின்ற மீனில் 7 சதவீதம்தான் பண்ணையிலிருந்து வந்தது.

நித்யா, சிங்கப்பூர்: அக்கா, இங்கே கடையில் பண்ணை மீன் என்றாலே நார்வே சால்மன்தான். உலகத்தில் அதைத்தான் அதிகம் வளர்க்கிறார்களா?

இல்லை நித்யா. உலகம் முழுக்க வளர்க்கும் அட்லாண்டிக் சால்மன் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. சீனாவில் அதிகம் வளர்க்கும் புல்கெண்டை மட்டும் 60 லட்சம் டன்னைத் தாண்டும். வெள்ளிக்கெண்டை 50 லட்சம் டன், நம் கட்லா 40 லட்சம் டன். இவை ஏற்றுமதிக் கடைகளுக்கு வருவதில்லை. ஊரில் வளர்த்து ஊரிலேயே தின்று முடிக்கிறார்கள், அதனால் செய்தியிலும் வருவதில்லை. வளர்ப்பு மீனில் பாதிக்கும் மேல் சீனாவில் விளைகிறது, அடுத்த இடம் இந்தியாவுக்கு. மொத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நன்னீரில்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை போட்டது எது என்று கேட்டால் நான் கடல் கூண்டையோ, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரையோ சொல்லமாட்டேன், குஞ்சு உற்பத்தியைத்தான் சொல்வேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடாது. அந்தக் காலத்தில் மழை வெள்ளத்தில் ஆற்றோரம் வலை கட்டிக் குஞ்சு அரித்து எடுப்பார்கள். அதில் எந்தக் குஞ்சு எந்த மீன் என்று தெரியாது, ஊருக்கு வந்து சேர்வதற்குள் பாதி செத்துப்போகும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஒரு வழி கண்டார்கள். வேறு மீன்களின் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றைத் தாய் மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். அடுத்த வருடமே சீனாவில் சோங் லின் குழு வெள்ளிக்கெண்டையிலும் பெருந்தலைக் கெண்டையிலும் இதைச் சாதித்தது. அதற்குப் பிறகு ஆற்று வெள்ளத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஏழை வீட்டுக் குழம்பில் இன்று கிடக்கும் கெண்டைத் துண்டுக்குப் பின்னால் இந்த வேலை இருக்கிறது. சௌத்ரியின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டும். ஜூலை 10ஐ இந்தியாவில் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அருள், தூத்துக்குடி: கடல் மீனைப் பிடித்து மாவாக்கித்தானே பண்ணை மீனுக்குப் போடுகிறார்கள்? அப்புறம் இதில் என்ன லாபம்?

சரியான கேள்வி. எந்தப் பண்ணை மீனைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அது என்ன தின்கிறது என்பதைத்தான்.

வெள்ளிக்கெண்டை தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. புல்கெண்டைக்குப் புல் போதும். சிப்பிக்கும் ஆளிக்கும் யாரும் எதுவும் போடுவதில்லை. வெள்ளிக்கெண்டை, சிப்பி போலத் தீவனமே போடாமல் வளர்பவை இன்றும் வளர்ப்பு உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் இருக்கின்றன. இவை கடலிலிருந்து எதையும் கடன் வாங்குவதில்லை.

சால்மன் வேட்டையாடித் தின்னும் மீன், அதன் கதை வேறு. 1990இல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் மீன் மாவும் மீன் எண்ணெயும்தான். உலகில் மீன் மாவை அதிகம் தருவது பெரு நாட்டுக் கடலின் நெத்திலி. எல் நினோ வந்து அந்தக் கடல் சூடானால் நெத்திலி சரியும். 2023இல் பெருவின் முக்கியப் பகுதியில் முதல் பருவ மீன்பிடியையே ரத்து செய்தார்கள், மீன் எண்ணெய் விலை உலகம் முழுக்க ஏறியது. இந்த நிச்சயமின்மையும் விலையும் சேர்ந்துதான் தீவனக்காரர்களை மாற்று தேட வைத்தன. இப்போது சால்மன் தீவனத்தில் கடல் சரக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி சோயா, கோதுமை, கடுகு இனத்து எண்ணெய். இது முன்னேற்றம்தான். ஆனால் சுமை கடலிலிருந்து பிரேசில் சோயா வயலுக்கு மாறியிருக்கிறது, சால்மனில் ஒமேகா-3யும் குறைந்திருக்கிறது.

இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. மீன் வெட்டும் ஆலைகளில் மிஞ்சும் தலை, எலும்பு, குடலிலிருந்து இப்போது உலகின் மீன் எண்ணெயில் பாதியும் மீன் மாவில் மூன்றில் ஒரு பங்கும் வருகின்றன.

என்னால் ஏற்கவே முடியாதது மேற்கு ஆப்பிரிக்காவில் நடப்பது. மொரிட்டானியா, செனகல், காம்பியா கரைகளில் சாளை இன மீன்தான் ஏழைகளின் சாப்பாடு. அதை வாங்கிப் புகை போட்டுக் காயவைத்து உள்ளூருக்கு அனுப்பிப் பெண்கள் பிழைத்துவந்தார்கள். இப்போது மீன் மாவு ஆலைகள் அதையே மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன, அந்தப் பெண்கள் கேட்கும் விலைக்குக் கிடைப்பதில்லை. மனிதர் நேராகத் தின்னக்கூடிய மீனை மாவாக்கி வேறொரு மீனுக்குப் போட்டு, அதைப் பணக்கார நாட்டில் விற்பதை நான் உணவு உற்பத்தி என்று சொல்லமாட்டேன். நம் விசைப்படகுகளில் வரும் சங்காயத்தில், அதாவது வலையில் சேர்ந்து வரும் பொடி மீன், கழிவு மீன் குவியலில், குஞ்சு மீன் எவ்வளவு கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

உமா, கோவை: ஊசி போட்டு வளர்த்த மீன் என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

நார்வேயில் போடுவது தடுப்பூசி. அங்கே 1987இல் சால்மன் பண்ணைகளுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் போனது. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகி 15 லட்சம் டன் ஆன நிலையிலும் இப்போது ஆண்டுக்கு ஒரு டன்கூட ஆவதில்லை. அதே மீனை வளர்க்கும் சிலி இன்னும் நூற்றுக்கணக்கான டன் பயன்படுத்துகிறது. அங்குள்ள ஒரு பாக்டீரியா நோய்க்குத் தடுப்பூசி சரியாக வேலை செய்யவில்லை. ஆசிய இறாலும் இந்த விஷயத்தில் பலமுறை மாட்டியிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பா, தடைசெய்யப்பட்ட மருந்து இருந்த சரக்குகளைத் திருப்பி அனுப்பியது.

குளத்துக் கட்லா, ரோகுவைத் தாராளமாகக் கொடுங்கள் உமா. ஆனால் குளத்துக்கு என்ன தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். சாக்கடையோ சாயத் தண்ணீரோ கலக்கும் குளம் என்றால் வேண்டாம்.

நார்வேயில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு அதைத் தின்னும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியின் தொல்லை தீரவில்லை. அதைப் போக்க மீனை வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கிறார்கள், அதிலேயே மீன் நலிந்துபோகிறது. 2023இல் அங்கே கடல் கூண்டில் விட்ட சால்மனில் ஏறக்குறைய ஆறில் ஒன்று அறுவடைக்கு முன்பே செத்தது.

முருகேசன், வேதாரண்யம்: இறால் வளர்க்கிறேன் மேடம். விலை விழுந்துகொண்டே போகிறது. ஈக்வடார்க்காரன்தான் காரணம் என்கிறார்கள். அவனால் மட்டும் எப்படி முடிகிறது?

அண்ணா, ஈக்வடார் 2023இல் 12 லட்சம் டன்னுக்கு மேல் இறால் ஏற்றுமதி செய்தது. முன்பு முதலிடத்தில் இருந்த தாய்லாந்தை 2012 வாக்கில் வந்த இளம் இறால் சாவு நோய் சாய்த்தது. அந்த இடத்துக்கு இந்தியாவும் ஈக்வடாரும் ஏறின.

நாம் வளர்க்கும் வனாமி என்ற இறால் இனம் அவர்கள் கடலுக்குச் சொந்தம். நாம் 2009இல்தான் நோயற்ற தாய் இறால் கொண்டுவந்து வளர்க்க ஆரம்பித்தோம். ஈக்வடாரும் அடி வாங்கிய நாடுதான். 1990களில் டவுரா நோய் வந்தது, 1999இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பாதி மூடின. அப்போது அவர்கள் நோயில் பிழைத்த இறாலையே தாயாக எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள். குளம் பெரிது, குஞ்சு அடர்த்தி குறைவு, செலவும் குறைவு. இறால் தின்னும்போது எழும் சத்தத்தைக் கேட்டுத் தீவனம் போடும் கருவிகளை அங்கே நிறையவே வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அடர்த்தியைக் கூட்டிக்கூட்டி வைக்கிறோம், நோய் வந்தால் மொத்தமும் போகிறது.

அதோடு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. அமெரிக்கா என்ற ஒரே சந்தையை நம்பி நின்றதன் விலையை அப்போது பார்த்தோம். என் யோசனை: அடர்த்தியைக் குறையுங்கள், ஒரு குளத்தையாவது கொடுவாவுக்கு மாற்றிப் பாருங்கள். உள்ளூரிலேயே விலை போகும்.

பெயர் வேண்டாம், நாகப்பட்டினம் மாவட்டம்: இறால் பண்ணை வந்து எங்கள் ஊர்க் கிணறு உப்பாச்சு, நிலமும் போச்சு. இதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

உங்கள் கோபம் நியாயம். 1990களில் தஞ்சை, நாகைக் கரையோரம் நெல் நிலத்தில் உப்புத் தண்ணீரைக் கட்டியபோது கூலி வேலை போனவர்களும் குடிநீர் இழந்தவர்களும்தான் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த வணிக இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் சட்டம் வந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையில் அமைந்தது. ஆனால் அந்தச் சட்டம் பழைய தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஈக்வடார், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் கரைகளிலும் அலையாத்திக் காடுகளை வெட்டித்தான் முதல் குளங்கள் வந்தன. இறால் டன் கணக்கில் ஏறியதைச் சொல்லும் அறிக்கையில் உங்கள் கிணறு ஒரு பத்தியாகவாவது இருக்க வேண்டும். பதிவு பெறாத பண்ணையாக இருந்தால் ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். தண்ணீர்ச் சோதனை முடிவையும் அதோடு இணையுங்கள்.

ஜோசப், நாகர்கோவில்: ஆப்பிரிக்காவில் மீன் வளர்ப்பு இல்லையா?

இருக்கிறது, ஆனால் கடல்பாசியையும் சேர்த்த உலக வளர்ப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பங்கு எகிப்து, நைல் டெல்டாவில் வளர்க்கும் ஜிலேபி மீன். அங்கே பாசன நீரை மீனுக்கு விடச் சட்டம் இடம் தராது, வயல் வடிகால் நீரில்தான் வளர்க்கிறார்கள். மற்ற நாடுகளில் நல்ல குஞ்சும் மலிவான தீவனமும் கிடைக்காததுதான் தடை.

பாத்திமா, மண்டபம்: கடல்பாசியும் இந்தக் கணக்கில் வருமா?

தனியாக வரும். 2022இல் உலகில் கிடைத்த பாசி 3.78 கோடி டன், கிட்டத்தட்ட எல்லாமே வளர்த்தது. சீனாவும் இந்தோனேசியாவும்தான் பெரிய கை. உங்கள் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டும் கப்பாபைகஸ் பாசிக்குத் தீவனமோ உரமோ வேண்டாம். ஆனால் அது வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவையைப் பாறையிலிருந்து தள்ளியே கட்டுங்கள்.

கதிர், சென்னை: அடுத்த பத்து வருடத்தில் என்ன மாறும்?

2032இல் வளர்ப்பு 11 கோடி டன்னை எட்டும் என்று உணவு வேளாண்மை அமைப்பு கணித்திருக்கிறது. சீனா 2022இல் ‘குவோசின் 1’ என்ற கப்பலையே மீன் பண்ணையாக்கிக் கடலில் விட்டது. இன்னொரு பக்கம் கூண்டுகளை மூடவும் செய்கிறார்கள். அர்ஜென்டினாவின் டியேரா டெல் ஃபுயேகோ மாகாணம் 2021இல் சால்மன் கூண்டைத் தடை செய்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2029 வரைதான் திறந்த கூண்டுகளுக்கு அனுமதி. கப்பல் பண்ணைக்கு ஆகும் எண்ணெய்ச் செலவைப் பார்க்கும்போது எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கெண்டைக்கும் சிப்பிக்கும் இந்தப் பணத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குப் போனால் போதும்.

ராமலிங்கம், மதுரை மாவட்டம்: 30 சென்ட் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறேன். என்ன மீன் விடலாம்?

ஐயா, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுங்கள். கட்லா மேல் மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும், ஒன்றின் இரையில் இன்னொன்று கை வைக்காது. விரலளவுக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள், மொத்தம் ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். சாணம் போட்டுத் தண்ணீர் பச்சையான பிறகு விடுங்கள். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போதும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வேகமாக வளரும் என்று சொல்லி யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. மழையில் குட்டை உடைந்து கண்மாய்க்குப் போனால் அங்கிருக்கும் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.