முதல் நாவலைக் கிண்டிலில் எப்போது ஏற்றலாம்?

எழுதி முடித்த கையோடு நாவலை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மாதம் கோப்பைத் திறக்காதீர்கள். அப்புறம் முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். எல்லாரும் ஒரே குரலில் பேசுவது, இரண்டாம் அத்தியாயத்துச் சித்தி பத்தாவதில் அத்தையாகிவிடுவது எல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

உங்களைத் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். மெய்ப்புப் பார்க்க வேறொருவர் கட்டாயம் வேண்டும்; 'வந்துக் கொண்டிருந்தான்' என்று வேண்டாத 'க்' போட்டு நாமே எழுதிய ஒற்றுப்பிழை நம் கண்ணில் படாது.

திருத்தங்கள் கதையை மேம்படுத்தாமல் வெறுமனே மாற்றிக்கொண்டே இருக்கின்றனவா? சரி, ஏற்றிவிடுங்கள். மின்னூலில் தப்பிய பிழையை வெளியான பிறகும் திருத்திப் புதிய கோப்பு ஏற்றலாம். அச்சில் அடித்த பிரதி அடித்ததுதான். அதனால் முதலில் மின்னூல், சில மாதம் கழித்து அச்சு என்பேன்.